நியாயம் கதைக்காதே!

சென்ற வருடாந்தப் பொதுக்கூட்டத்திற்கு வந்திருந்த அன்பர்களுக்கு நான் எதைப்பற்றி எழுத வருகிறேன் என்பது தலைப்பைப் பார்த்தவுடனேயே விளங்கியிருக்கும். வராதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கணக்கறிக்கை வாசித்து முடிந்தது. கூட்டத்தை நடத்தியவர் கேள்விகள் உண்டா என்று கேட்டார். வழக்கமாக அந்த இடத்தில் ஒருவரும் கை உயர்த்துவதில்லை. பின்னால் வடை ஆறிக்கொண்டிருக்கும். அன்று கிரின்ஸ்டெட்டில் பிறந்து வளர்ந்து இப்பொழுது பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையொருத்தி எழுந்து நின்றாள். திருவிழாவன்று தேர்த் திருப்பணிக்கென ஒலிவாங்கியில் அறிவித்த தொகைக்கும் கணக்கறிக்கையில் இருக்கும் தொகைக்கும் வித்தியாசம் இருக்கிறதே, ஏன் என்று கேட்டாள். இரண்டு எண்களையும் ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தாள். குரல் உயரவில்லை.

முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "பிள்ளை, பெரியாக்களோடை ஆர்கியூ பண்ணக்கூடாது."

"நான் ஆர்கியூ பண்ணேல்லை மாமா. ஒரு ஆர்கியூமென்ட்தான் சொன்னனான்."

சிலர் சிரித்தார்கள். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. "பாத்தியோ, திரும்பவும் நியாயம் கதைக்கிறாய்" என்றார். பொருளாளர் எழுந்து, அப்படி ஒரு வித்தியாசமும் இல்லை, கணக்கெல்லாம் சரி என்று சொல்லி அமர்ந்தார். அடுத்த விடயத்திற்குப் போனார்கள். பிள்ளை அந்தத் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு வந்த இரண்டு வெள்ளிக்கிழமைப் பூசைகளிலும் தாயார் மட்டுமே வந்திருந்தார்.

அந்தக் கணக்கைப் பரிசோதித்துக் கையொப்பமிட்டவன் நான். கேள்விக்குரிய பதில் எனக்குத் தெரிந்திருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

மூன்று நாள் கழித்துச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். அவர் ஊரில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர்; கூட்டக் குறிப்பை முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழுக்கும் டெனிஷுக்கும் மாற்றுவது அவருடைய பழக்கம். "பொருளாளர் ரிஃபியூட்டட் எண்டு போட்டிருக்கிறன். தமிழிலை மறுத்தார். டெனிஷிலை என்ன போடுறது?" என்று கேட்டார்.

டெனிஷில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. 'பெனேக்தெ' என்றால் இல்லை என்று சொல்லுதல். 'மோத்பெவீஸெ' என்றால் எதிர்ச்சான்று காட்டித் தவறென்று நிறுவுதல். எதிர் என்ற சொல்லும் நிரூபி என்ற சொல்லும் சேர்ந்த சொல் அது. "முதலாவதைப் போடுங்கோ அண்ணை" என்றேன். "அப்ப ஆங்கிலத்திலை நான் எழுதினது பிழையோ?" என்றார். பிழைதான். அவர் 'டினைட்' என்று எழுதியிருக்கவேண்டும். ஒரு சொல்லைத் திருத்துகிற சின்ன வேலைதான், ஆனால் தொலைபேசியை வைத்த பிறகு எனக்கு அது சின்னதாகப் படவில்லை. அன்று கூட்டத்தில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பது முழுவதும் அந்த இரண்டு சொற்களுக்கிடையில்தான் கிடந்தது.

முதலில் 'ஆர்கியூ' என்ற சொல்லை எடுப்போம், சண்டை அதிலேதானே தொடங்கியது. அதன் மூலம் இலத்தீனில் உள்ள 'ஆர்குவரெ'. தெளிவாக்குதல், நிறுவுதல் என்பது பொருள். குற்றஞ்சாட்டுதல் என்ற பொருளும் அங்கேயே உண்டு. வெள்ளியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கும் இதற்கும் உறவு காட்டுவார்கள் சொற்பிறப்பு ஆராய்பவர்கள்: பளிச்சென்று தெரியவைப்பது. (நாமும் விளக்கு, விளக்கம் என்றுதானே சொல்கிறோம்!) ஆங்கிலத்தில் இந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது. 'ஆர்கியூ தட்' என்று வந்தால், இன்ன காரணத்தால் இன்னது சரி என்று ஒருவர் எடுத்துக்காட்டுகிறார். 'ஆர்கியூ வித்' என்று வந்தால் பெரும்பாலும் இருவர் முகத்துக்கு முகம் சண்டை பிடிக்கிறார்கள். பின்னால் வரும் சின்னச் சொல்தான் பொருளைத் தீர்மானிக்கிறது. பெரியவர் சொன்னது 'வித்'. பிள்ளை செய்தது 'தட்'. அதிலும் பிள்ளை சிந்திப்பது டெனிஷில். டெனிஷில் 'ஆகுமெண்ட்' என்றால் காரணம், ஆதாரம் என்பது மட்டுமே பொருள். சண்டைக்கு அவர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள்: 'ஸ்கென்ஸ்'. ஆகவே "நான் ஆர்கியூ பண்ணேல்லை, ஆர்கியூமென்ட்தான் சொன்னனான்" என்று அவள் சொன்னது குதர்க்கம் அன்று. அவளுடைய மொழியில் அது நேரான வாக்கியம். ஒரே சொல்லை இரண்டு பேர் இரண்டு மொழியில் கேட்டார்கள்.

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துச் சொற்களின் பூர்வீகத்தைப் பார்த்தால் பலவற்றிலும் அடிதடி வாடை வீசும். 'டிபேட்' என்பதன் அடியில் இருப்பது அடித்தல். 'டிஸ்கஸ்' என்பதன் அடியில் இருப்பது உலுப்பிச் சிதறடித்தல். 'குவாரல்' மட்டும் சாதுவானது, முறையிடுதல் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆனால் முறைப்பாடுதானே எல்லாச் சண்டைக்கும் தாய். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர்களை 'ராங்லர்', வாதாடுகிறவர், என்று அழைப்பார்கள். பழைய காலத்தில் தேர்வே இலத்தீனில் வாய்வழி வாதமாக நடந்ததன் எச்சம் அது. 1899இல் பராஞ்ச்பே அவர்களில் முதலாவது இடத்தைப் பெற்றபோது இந்தியாவே கொண்டாடியது. (எங்கள் பையன்கள் போடும் ஜீன்ஸின் பெயரும் அதே எழுத்துத்தான், ஆனால் அது குதிரை மேய்ப்பவன்.)

என் தொழிலுக்கு நெருங்கிய சொல் ஒன்றை மட்டும் விட்டுப்போக மனமில்லை. 'டிஸ்பியூட்' என்பதன் வேர் 'புடாரெ': எண்ணுதல், கணக்கிடுதல். 'கொம்பியூட்டர்' என்பதன் வேரும் அதுவே. 'அக்கவுண்ட்' என்ற சொல்லும் அங்கிருந்துதான் சுற்றிவளைத்து வந்திருக்கிறது. கணக்குப் பார்த்தலும் வாதம் செய்தலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். உள்ளதை ஒவ்வொன்றாக எண்ணி வைத்துப் பார், அதுதான் டிஸ்பியூட். அன்று அந்தப் பிள்ளை செய்தது சொல்லின் மூலப்பொருளுக்கு அச்சொட்டாக அதைத்தான்.

டெனிஷ்காரர் கூட்டங்களில் ஒரு விடயத்தைப் பேசித் தீர்ப்பதற்கு 'துறொஃப்தெ' என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். பழைய யூலண்ட் விவசாயிக்கு அதன் பொருள் தானியத்தைத் தட்டிலிட்டுக் குலுக்கிப் பதர் நீக்குவது. எங்கள் அம்மாமார் சுளகிலே புடைப்பதைத்தான் சொல்கிறார்கள். நாமும் ஒரு விடயத்தை 'அலசுகிறோம்', துணியை அலசுவதுபோல. புடைப்பவரும் அலசுபவரும் அரிசியின் மேலோ துணியின் மேலோ கோபப்படுவதில்லை.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலே ஒரு பிள்ளை காரணம் சொன்னால் நாம் எப்படிக் கண்டிப்போம்? நியாயம் கதைக்காதே. சட்டம் கதைக்காதே. எதிர்த்துக் கதைக்காதே. வாய் காட்டாதே. பெரிய அப்புக்காத்து வந்திட்டார்! இந்த வசனங்களை ஒருமுறை வெளியே நின்று கேட்டுப் பாருங்கள். நியாயம் என்பது நீதி. சட்டம் என்பது சட்டம். அப்புக்காத்து என்பது நாம் எமது பிள்ளை ஆகவேண்டுமென்று நேர்த்திவைத்த தொழில். இவற்றையெல்லாம் நாம் ஏச்சுச் சொற்களாக்கி வைத்திருக்கிறோம். நீ சொல்வது பிழை என்று நாம் பிள்ளைக்குச் சொல்வதில்லை. நீ சொல்வது நியாயமாக இருக்கிறது, ஆகவே நிறுத்து என்று சொல்கிறோம்!

தர்க்கம் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியும் இதுவே. அது ஒரு சாஸ்திரத்தின் பெயர். மாதவச் சிவஞான முனிவர் வடமொழியிலிருந்து தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கித் தந்தது சைவர்கள் அதைப் படித்துவிட்டே சித்தாந்தத்துக்குள் நுழையவேண்டும் என்பதற்காக. இன்று இலங்கைப் பத்திரிகையில் அந்தச் சொல் எங்கே வருகிறது? 'இரு குழுக்களுக்கிடையில் ஏற்பட்ட வாய்த்தர்க்கம் கைகலப்பாக மாறியது' என்ற செய்தியில் வருகிறது. கண்டனம் என்ற சொல்லும் அப்படியே. முன்பு ஒரு கொள்கையை அடியோடு ஆராய்ந்து தவறென்று காட்டும் நூலுக்குக் கண்டனம் என்று பெயர். இன்று கண்டனம் தெரிவிக்க ஒரு பதாகை போதும். காரணம் காட்டுவதற்கு இருந்த சொற்களை ஒவ்வொன்றாகக் கோபத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

'மறுத்தல்' என்ற சொல்லின் நிலை இதைவிட நுட்பமானது. கொடுக்க மறுத்தான், குற்றச்சாட்டை மறுத்தார், அந்தக் கொள்கையை மறுத்தார். முதலாவது விருப்பமின்மை. இரண்டாவது இல்லை என்று சொல்வது. மூன்றாவது தவறென்று நிறுவுவது. மூன்றுக்கும் ஒரே சொல். 'அமைச்சர் குற்றச்சாட்டை மறுத்தார்' என்று பத்திரிகையில் படிக்கும்போது அவர் வெறுமனே தலையை ஆட்டினாரா, ஆதாரம் வைத்தாரா என்று அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருந்தும், இப்பொழுது அங்கேயும் 'ரிஃபியூட்' என்பதை வெறும் இல்லை என்பதற்கே பலர் எழுதுகிறார்கள். அகராதிகள் அந்த வழக்கையும் பதிவு செய்துவிட்டன. எங்கள் செயலாளர் ஒருவரைத் தனியே குறை சொல்வதற்கில்லை. இல்லை என்று சொன்னவருக்கு நிறுவினவரின் மரியாதையை இலவசமாகக் கொடுத்துவிடுகிறது அந்த வழக்கு.

இந்த வித்தியாசம் எத்தனை பெரியது என்பதற்கு டென்மார்க்கில் இருக்கும் தமிழர் வேறெங்கும் தேடவேண்டியதில்லை. எமது பெயராலேயே ஒரு விவகாரம் இந்த நாட்டுச் சரித்திரத்தில் இருக்கிறது. இளையவர்கள் பாடசாலையில் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுவதும் அறிந்தவர் சிலரே.

1987இல் நீதியமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி அதிகாரிகளுக்குப் பணித்தார். 1983ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் அந்தக் குடும்பங்களுக்கு உரிமை கொடுத்திருந்தது. அமைச்சருக்கு அதை நிறுத்திவைக்க அதிகாரம் இருக்கவில்லை. மனைவி பிள்ளைகள் அங்கே குண்டுகளுக்கு மத்தியில். கணவன்மார் இங்கே தபால்பெட்டிக்கு முன்னால். 1989 மார்ச்சில் மக்கள் முறைப்பாட்டு நடுவர் ஹான்ஸ் கமெல்டொஃப்ட்-ஹான்சன் அந்த நடைமுறையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டார். பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 1989 ஏப்ரலில் பிரதமர் பவுல் சுலூத்தர் எழுந்து, கம்பளத்தின் கீழ் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்ற பொருள்படப் பதில் சொன்னார்.

அது 'டினை'. நாவினால் முடிகிற வேலை, சில விநாடி போதும்.

அதற்குப் பின்னர் நடந்ததைப் பாருங்கள். 1990இல் உயர்நீதிமன்ற நீதியரசர் மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை அமைந்தது. சாட்சிகளை அழைத்தார்கள், அமைச்சின் கோவைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். 1993 ஜனவரியில் அறிக்கை வந்தது, ஏறத்தாழ 6000 பக்கம். அந்த அறிக்கை வெளிவந்த அன்றே, ஜனவரி 14ஆம் திகதி, சுலூத்தர் பதவி விலகுவதாக அறிவித்தார். பத்து ஆண்டுக்கு மேல் பிரதமராக இருந்தவர். 1995 ஜூனில் ராஜ்ய நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு ஒத்திவைக்கப்பட்ட நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. ஒரு வசனத்தைத் தவறென்று நிறுவ 6000 பக்கமும் இரண்டரை ஆண்டும் தேவைப்பட்டன. 'ரிஃபியூட்' என்ற சொல்லின் எடை அவ்வளவு.

இதை நான் எழுதுவது டெனிஷ்காரர் உத்தமர், நாம் மோசம் என்று காட்ட அல்ல. தவறு செய்ததும் அவர்களுடைய அமைச்சர்தான். கம்பள வசனத்தைக் கேட்டுக் கைதட்டியவர்களும் அந்த மண்டபத்தில் இருந்திருப்பார்கள். எனக்குள் உறுத்துவது வேறு. மொழி தெரியாத, வாக்குரிமை இல்லாத சில ஆயிரம் அகதிகளுக்காக ஒரு நாடு தன் பிரதமரைப் பார்த்து 'நீங்கள் சொல்வது போதாது, காட்டுங்கள்' என்று கேட்டது. அதனால் பயன்பெற்ற சமூகம் நாம். எமது கோயில் மண்டபத்தில் எமது பிள்ளை அதே கேள்வியைக் கேட்டபோது வாயை மூடச் சொன்னோம்.

"அது அவையின்ரை பழக்கம், எங்கடை சமயம் அடக்கத்தைத்தான் சொல்லுது" என்று ஒரு அன்பர் என்னிடம் வாதித்தார். அடக்கம் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் எமது சமயத்தின் பெயர் என்ன? சைவ சித்தாந்தம். சித்தாந்தம் என்பதே வாதமண்டபத்துச் சொல். எதிர்த்தரப்பை எடுத்துக் கூறுவது பூர்வபக்கம். அதை ஆராய்ந்து கடைசியில் நிலைநாட்டப்படும் முடிபு சித்தாந்தம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டாக வகுத்தார். சொந்தக் கொள்கை பின்னால்தான் வருகிறது. முன்னால் உலகாயதர் தொடங்கிப் பாஞ்சராத்திரிகள் வரை மற்றவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் கட்சியைச் சொல்ல இடங்கொடுத்து, அதன் பிறகே ஒவ்வொன்றுக்கும் பதில் கூறுகிறார். கடவுளே இல்லை என்பவனுக்கு முதல் ஆசனம்! எமது கூட்டத்தில் அருணந்தி சிவாசாரியார் தலைமை வகித்திருந்தால் அந்தப் பிள்ளையை முதலில் பேசவிட்டிருப்பார்.

தமிழில் மறுத்தல் என்ற ஒரே சொல்தான் இருக்கிறது என்று மேலே எழுதினேன். அது இன்றைய எமது வறுமை. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், நூல் எழுதுபவர் பிறர் கருத்தோடு கொள்ளக்கூடிய உறவை ஏழு மதங்களாக வகுத்திருக்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை. பிறர் சொன்னதற்கு உடன்படுவது முதலாவது. மறுப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் என்னை நிறுத்தியது: பிறருடைய கொள்கையை முதலில் தானும் ஏற்று, அதன் வழியே சென்று, பின்னர் அதைக் களைவது. சும்மா மறுப்பது வேறு, ஏற்று நின்று களைவது வேறு என்று பவணந்தியார் இரண்டு தனி இலக்கமாகவே கொடுத்திருக்கிறார். இரண்டு பேர் மாறுபடும்போது ஒரு பக்கத்தைத் துணிவது, தன் கொள்கையைத் தானே நாட்டி நிறுவுவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, எவரோடும் ஒட்டாமல் தன் கொள்கையைக் கொள்வது என்பவை மற்றவை. ஊரிலே இதை மனப்பாடம் செய்து ஒப்புவித்தோம், புள்ளி வாங்கினோம். 'டினை'யும் 'ரிஃபியூட்'டும் அதற்குள் இருந்தது அன்று எனக்குத் தெரியாது. களைதல் எவ்வளவு நல்ல சொல் பாருங்கள். வயலுக்குள் இறங்கிக் குனியாமல் களை பிடுங்க முடியாது.

அப்படிக் குனிந்து களை பிடுங்கிய ஒருவர் எங்கள் மண்ணிலேயே இருந்தார். ஆறுமுக நாவலர் 1854இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டபோது, சைவத்தின் கோயில் வழிபாட்டையும் சடங்கையும் மிஷனரிமார் அறிவீனம் என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். நாவலர் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் செய்தது வேறு. உங்கள் வேதாகமத்தையே எடுப்போம் என்று தொடங்கி, பழைய ஏற்பாட்டில் ஆலயம், பலி, தூபம், அபிடேகம் எல்லாம் விதிக்கப்பட்டிருக்கும் இடங்களைக் காட்டினார். அவரால் அது எப்படி முடிந்தது? பீட்டர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். எதிர்த்தரப்பின் நூலை அவர்களில் பலரைவிட நன்றாகப் படித்திருந்தார். அதே நாவலர் பின்னொரு காலத்தில் அருட்பா விடயத்தில் இராமலிங்க சுவாமிகள் தரப்போடு மோதியதும், அது 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனதும், அதன் பிறகும் இரு கட்சியாரும் தலைமுறை தாண்டித் துண்டுப்பிரசுரம் அடித்ததும் நான் மறைக்க விரும்பவில்லை. அங்கே களைவதற்குப் போனவர்கள் ஒருவரையொருவர் களையத் தொடங்கிவிட்டார்கள். ஒரே மனிதரிடம் இரண்டும் இருக்கலாம்.

நியாய சூத்திரக்காரர் இதையும் பிரித்துத்தான் வைத்தார். உண்மை வேண்டி இருவர் பேசினால் வாதம். வெல்வதற்காகப் பேசினால் சற்பம். தனக்கென்று ஒரு கட்சியே இல்லாமல் மற்றவனை உடைப்பதே வேலையானால் விதண்டை. மூன்றில் மூன்றாவதை மட்டும் நாம் வீட்டுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். விதண்டாவாதம் என்றால் குழந்தைக்கும் விளங்கும். முன்வரிசைப் பெரியவரின் பயம் இங்கிருந்து வந்ததாக இருக்கலாம். அதை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். கேள்வி என்ற பெயரில் தொடங்கி வழக்கறிஞர் கடிதத்தில் முடிந்து, ஒரே ஊரில் இரண்டு சங்கமாகப் பிரிந்த கதைகளைப் புலம்பெயர்ந்த நாடுகளில் நாம் கேட்டிருக்கிறோம். பனிக்குளிரில் ஒரு வாடகை மண்டபத்தில் சுவாமி படத்தை வைத்துத் தொடங்கியவர்களுக்கு, கை உயர்த்துகிற ஒவ்வொருவரும் பிளவின் தொடக்கமாகத் தெரிவது இயல்பு. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது எது? இரண்டு எண், ஒரு ஏன். வாதத்தின் இலக்கணத்துக்கு உள்ளேதான் நின்றாள். டெனிஷ்காரர் வழக்கப்படி பார்த்தாலும் கணக்குப் பற்றிய கேள்வியைக் கணக்கு என்ற விடயத்தின் கீழேயே கேட்டாள், கடைசியில் 'இதர விடயங்கள்' வரும்வரை காத்திருக்கவில்லை. அங்கே எதையும் பேசலாம், எதையும் தீர்மானிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

இனி நான் ஏன் பேசாமல் இருந்தேன் என்பதைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இவ்வளவும் எழுதியது வீண்.

பதில் எளிது. திருவிழாவன்று அறிவித்தது வாக்குக் கொடுத்த தொகை. கணக்கில் இருப்பது கைக்கு வந்த தொகை. இரண்டும் வேறு. ஒரு சதமும் காணாமற் போகவில்லை. வங்கிப் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தவன் நான். ஆகவே பொருளாளர் இல்லை என்று சொன்னதில் பொய்யான எண்ணம் இருக்கவில்லை. ஆனால் வித்தியாசமே இல்லை என்று அவர் சொன்ன வசனம் உண்மையல்ல. வித்தியாசம் இருந்தது. அதை விளக்கப் போனால், ஒலிவாங்கியில் பெயர் சொல்லிப் பொன்னாடை போர்த்தப்பட்ட சிலரின் தொகை இன்னும் வரவில்லை என்று சபையில் சொல்லவேண்டி வரும். அவர்களில் இருவர் அன்று மண்டபத்தில் இருந்தார்கள். இல்லை என்று சொல்ல ஒரு செலவும் இல்லை. நிறுவுவதற்குச் செலவு இருந்தது. அந்தச் செலவு வேறு சிலரின் மானத்தில் போய் விழும் என்று நினைத்தேன். ஆகவே ஒரு பிள்ளையின் மானத்தில் அதை விழவிட்டேன். அவளுக்கு இரண்டு எண் பார்க்கத் தெரியாது என்பதுபோல முழுச் சபையும் நினைத்துக்கொண்டு வடை சாப்பிட்டது.

கூட்டக் குறிப்பில் டெனிஷ் சொல்லைத் திருத்தியாயிற்று. தமிழில், 'மறுத்தார்' என்பதற்குப் பதிலாக 'வித்தியாசம் இல்லை என்று கூறினார். விளக்கம் கொடுக்கப்படவில்லை' என்று செயலாளரும் நானும் சேர்ந்து எழுதினோம். பொருளாளரும் கையொப்பமிட்டார். கொஞ்சம் முகம் சுளித்தார்தான், ஆனால் இட்டார்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள கணக்கை விரித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அங்கிள்" என்றாள். 'சொல்லியிருக்கலாம்' என்பதற்கு மேல் என்னிடம் வேறு சொல் இருக்கவில்லை.

அடுத்த கணக்கறிக்கையில் ஒரு புது வரி சேர்க்கவேண்டும் என்று பொருளாளரிடம் கேட்டிருக்கிறேன்: 'வாக்களிக்கப்பட்டு இன்னும் வந்து சேராத தொகை'. பெயர் எதுவும் இல்லை, மொத்தத் தொகை மட்டும். இதுபற்றிச் சென்ற சனிக்கிழமை அவருடைய வீட்டுக் குசினியில் இருந்து இரண்டு மணித்தியாலம் தர்க்கப்பட்டோம். இந்தச் சொல்லை நான் வேண்டுமென்றே எழுதுகிறேன். சுவாமிக்குச் சொன்ன வாக்கு வட்டிக்கடை நிலுவை அல்ல, அதைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றுவதே பாவம் என்றார். நேர்த்திக்கடன் என்று நாமே கடன் என்றுதானே சொல்கிறோம் என்றேன். கடன் என்றால் கடமையும்தான், கடமையைத் தவறினவனை ஆண்டவன் கேட்பான், உம்முடைய கல்குலேட்டர் கேட்கத் தேவையில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். வாக்குக் கொடுத்தவர்களில் ஒருவர் அந்தத் திருவிழாவுக்குப் பின்னர் வேலையை இழந்துவிட்டார். சிறிய சமூகம் இது, மொத்தத் தொகை மட்டும் போட்டாலும் அது யாரென்று இரண்டு நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர் கோயிலுக்கு வருவதை நிறுத்தினால் நீர் என்ன செய்வீர் என்று கேட்டார்.

அவர் சொன்ன காரணங்களை வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதினேன், அவர் சொன்ன ஒழுங்கிலேயே. மற்றவற்றுக்குப் பதில் எழுதிவிட்டேன். கடைசிக் காரணத்துக்கு நேரே இடம் வெறுமையாக இருக்கிறது. பொதுக்கூட்டத்துக்கு இன்னும் ஏழு வாரம் உண்டு. பதில் தெரிந்தவர்கள், அல்லது நான் எழுதியதில் பிழை கண்டவர்கள், அதற்கு முன்னர் எனக்கு எழுதினால் உதவியாக இருக்கும்.